கேட்டுச் சொன்னவர்

எங்கள் மலைப்பக்கத்தில் "கேட்டுச் சொல்றேன்" என்றால் காரியம் நடக்காது என்று அர்த்தம். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் கூரை ஒழுகுகிறது என்று போய் நின்றால், மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு ஐயா துரையிடம் கேட்டுச் சொல்கிறேன் என்பார். துரை கொழும்பில் கேட்டுச் சொல்கிறேன் என்பார். அடுத்த மழையும் அதே ஓட்டை வழியாகத்தான் உள்ளே வரும். தலவாக்கலையில் ஒரு பாடசாலை அலுவலகத்தில் எழுதுவினைஞனாக இருக்கும் நானும் அந்த வார்த்தையை நாளுக்குப் பல முறை சொல்கிறவன்தான். அதை அதன் நேர்ப்பொருளில் சொன்ன ஒரே ஒருவரைத்தான் எனக்குத் தெரியும். அவர் எங்கள் வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருந்தார்.

அவர் பெயரை இங்கே எழுதவில்லை. அவர் மண்ணில் புதைத்த எதிலும் தன் பெயரை எழுதியதில்லை. இடத்தின் பெயர் மட்டும்தான் இருக்கும். ஊரில் எல்லோருக்கும் அவர் "பங்கசு மிஸ்". பூசணத்துக்குப் பள்ளிப் புத்தகத்தில் பங்கசு என்று பெயர். நகரத்துக்கு வெளியே உள்ள ஆராய்ச்சித் தோட்டம் ஒன்றில் தொழில்நுட்ப உதவியாளராக இருந்தார். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து எடுக்கும் பெண்ணின் மகள். வந்தபோது வயது முப்பதை ஒட்டி இருக்கும். மண் ஒட்டிய கறுப்புச் சப்பாத்து, ஆண்கள் போடும் மழைக்கோட்டு, தோளில் ஒரு கித்தான் பை.

அறையைப் பார்க்க வந்த அன்று என் மனைவி, "புடிச்சிருக்கா மிஸ்?" என்று கேட்டாள்.

"ஒரு ராத்திரி படுத்துப் பாத்து, கேட்டுச் சொல்றேங்க."

"யாருகிட்ட கேப்பீங்க? வீட்லயா?"

"ரூம்கிட்டதான்."

மறுநாள் காலை கட்டிலை இழுத்து எதிர்ச்சுவர் பக்கம் போட்டிருந்தார். "சன்னல் மூலைல ஈரம் இறங்குது. இந்தப் பக்கம் பரவால்லங்குது" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார். என் மனைவி என்னைப் பார்த்தாள். குழம்பில் உப்பு சரியா என்று கேட்டால்கூட அவர் ஒரு வாய் சாப்பிட்டு, கொஞ்சம் இருந்து, இன்னொரு வாய் சாப்பிட்டுவிட்டுத்தான் பதில் சொல்வார் என்பது சில நாட்களில் பழகிவிட்டது. "இந்தப் புள்ளைகிட்ட நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை வாங்குறதுக்குள்ள கொழம்பு ஆறிருது" என்பாள். ஆனால் அந்த ஒரு வார்த்தை வந்த நாளில் அதை என்னிடம் இரண்டு தடவை சொல்வாள்.

அவருடைய வேலை மண்ணுக்குள் துணி புதைப்பது. வெள்ளைப் பருத்தித் துணியை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, மடித்து, தக்காளிச் செடி கட்டும் பச்சை நைலான் நூலால் கட்டி, ஒரு சாண் ஆழத்தில் புதைப்பார். பக்கத்தில் இடத்தின் பெயர் எழுதிய ஒரு மூங்கில் குச்சி. இரண்டு மாதம் கழித்துத் தோண்டுவார். உள்ளே பலவகைப் பூசணமும் நல்லபடியாக இருக்கிற மண் துணியைத் தின்றுவிடும். இல்லாத மண் துணியைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுக்கும். என் பழைய வேட்டிகளில் இரண்டு இப்படித் துண்டு துண்டாகி, திம்புள்ள வட்டாரத்தில் பல இடங்களில் புதைந்துபோயின.

வேட்டி தீர்ந்ததும் கடைத்தெருவில் இருந்த தையற்காரரிடம் போனார். நாங்கள் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். அன்று நானும் கூடப் போயிருந்தேன்.

"என்ன மிஸ், மண்ணுக்கு எந்த அளவுல சட்டை தைக்கணும்?" என்றார் நானா.

"அளவு நான் வெட்டிக்கிறேன் நானா. பருத்தி மட்டும்தான் வேணும்."

"அசல் பருத்தி. என் பேச்ச நம்புங்க."

பங்கசு மிஸ் ஓர் இழையை உருவி, நானாவின் தீப்பெட்டியையே வாங்கி உரசிப் பிடித்தார். இழை பருத்தி போலச் சாம்பலாகாமல் சுருண்டு, நுனியில் கறுப்பாக ஒரு மணி உருண்டது.

"நீங்க பருத்திங்கிறீங்க. அது இல்லங்குது."

நானா அந்த மணியை நகத்தால் தட்டிப் பார்த்தார். "வாப்பா காலத்துல இருந்து தைக்கிறேன். துணிகிட்ட சாட்சி கேட்ட ஆள இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்று சொல்லி, உள்ளே போய் வேறு ஒரு சுருளைக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு வெட்டி மிஞ்சும் பருத்தித் துண்டுகளை அவருக்கென்று ஒரு பையில் போட்டு வைப்பார். காசு வாங்கமாட்டார். "மண்ணு எனக்கும் ஒரு நாளைக்கு வேணும்தானே" என்பார்.

தோண்டி எடுத்த துணிகள் எங்கள் வீட்டுக் கொடியில் காயும். சில வெறும் நூலாக, சில சல்லடையாக, சில பச்சையும் கறுப்பும் மஞ்சளுமாக. அவர் வேலை செய்த இடத்தில் ஒரு தடவை நுணுக்குக்காட்டியில் என்னைப் பார்க்கச் சொன்னார். தேயிலையைப் பிடுங்கிவிட்டு இரண்டு வருடம் புல் வளர்த்த மண்ணிலிருந்து எடுத்தது முதலில். கொடிகளும் முட்டைகளும் சங்கிலிகளுமாக, எதை முதலில் பார்ப்பது என்று தெரியவில்லை. அடுத்து, வருடக்கணக்காக ஒரே மரக்கறி போட்ட தோட்டத்து மண். பிறை பிறையாக ஒரே உருவம். எங்கு நகர்த்தினாலும் அதே பிறை.

"மண்ணும் ஒரு லயம்தாண்ணே" என்றார். "பத்து காம்பரான்னா பத்து குடும்பம் இருக்கணும். ஒருத்தன் சருகத் திம்பான், ஒருத்தன் வேருக்குத் தண்ணி கொண்டாந்து குடுப்பான், ஒருத்தன் அடுத்தவன அடக்கி வைப்பான். வருசம் பூரா ஒரே பயிரப் போட்டா ஒரே சோறுதானே? அந்தச் சோறு ஒத்துக்கிறவன் மட்டும் தங்குவான். மத்தவன் எல்லாம் காலி பண்ணிட்டுப் போயிருவான். கடைசில ஒருத்தனே எல்லாக் காம்பராவையும் புடிச்சுக்குவான்."

அவரிடம் பிடிவாதமும் இருந்தது. மேலிடத்திலிருந்து ஆட்கள் பார்க்க வருகிறார்கள், அதற்குள் முடிவைச் சொல் என்று அவருடைய அதிகாரி ஒரு முறை நெருக்கினார். துணி இன்னும் மண்ணுக்குள்தான் இருக்கிறது என்று இவர் சொல்லிவிட்டார். வந்தவர்கள் தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். அதிகாரி ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "பேசலன்னா என்ன, வேலை நெறய நடக்குது" என்றார் இவர்.

என் தங்கை வாழ்க்கைப்பட்டது திம்புள்ளப் பக்கத்துத் தோட்டத்தில். தலவாக்கலையில் பஸ் ஏறி, இறங்கிய இடத்திலிருந்து தேயிலைக்கு நடுவே ஏறிப் போக வேண்டும். அவள் கொழுந்து எடுக்கிறாள். மாப்பிள்ளை தோட்ட வேலையை விட்டுவிட்டு, லயத்துக்குப் பின்னால் ஓடை வரைக்கும் இருக்கிற துண்டு நிலத்தில் உருளைக்கிழங்கு போட்டுக்கொண்டிருந்தார். முதல் வருடங்களில் கிழங்கு நன்றாக வந்தது. நன்றாக வந்ததால் மறுபடியும் அதையே போட்டார். பிறகு செடிகள் ஒரு பக்கமாக வாடத் தொடங்கின. கடையில் சொன்ன மருந்தெல்லாம் அடித்தார். மூன்றாவது போகமும் அழிந்தபோது வெளிநாட்டு வேலைக்குக் கடவுச்சீட்டு எடுத்துவிட்டார். மகளுக்கு அப்போது ஏழு வயது. நிலம் பழையபடி தேறினால் இருப்பார், இல்லையென்றால் போவார். அந்த வீட்டில் எல்லாப் பேச்சும் அதில்தான் வந்து முடியும்.

நான் பங்கசு மிஸ்ஸை ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் போனேன். அவர் வரப்பில் நடந்து, வாடிய செடியைப் பிடுங்கி, தண்டைக் கீறிப் பார்த்து, கொஞ்சம் மண்ணைப் பையில் போட்டுக்கொண்டார்.

"என்ன போடலாம் மிஸ்?" என்றார் மாப்பிள்ளை.

"கேட்டுச் சொல்றேங்க."

மாப்பிள்ளை என் பக்கம் குனிந்து, "நம்ம கண்டாக்கு ஐயா மாதிரியே பேசுறாங்க மச்சான். சொந்தமா?" என்றார்.

பங்கசு மிஸ் பாத்திகளில் மூன்று இடங்களில் துணி புதைத்தார். நிலத்தின் மேல் மூலையில் ஒரு வாகை மரமும், அதன் அடியில் முனியாண்டி என்று கும்பிடுகிற ஒரு கல்லும் இருந்தன. அந்த மூலையை யாரும் கொத்துவதில்லை. கல்லைவிட்டுச் சற்றுத் தள்ளி, தங்கை காட்டிய இடத்தில் இன்னும் மூன்று துணி. எங்கே, எத்தனை என்பதைத் தோண்டுவதற்கு முன்பே முடிவு செய்துவிட்டுத்தான் மண்வெட்டியைக் கையில் எடுப்பார்.

இரண்டு மாதம் ஆவதற்குச் சில நாள் இருக்கும்போது தங்கை அழுதுகொண்டே தொலைபேசியில் கூப்பிட்டாள். ராத்திரி காட்டுப்பன்றி வந்து பாத்தியைக் கிண்டியிருக்கிறது. பிறகு பெய்த மழையில் ஒரு துணிப்பொட்டலம் தண்ணீர் ஓடும் கானில் அடித்துக்கொண்டு போய்ப் பக்கத்து நிலத்தில் ஒதுங்கிவிட்டது. பக்கத்து நிலத்துக்காரர்தான் முனியாண்டிக்குப் பூசாரி. அவர் கண்டது மடித்துக் கட்டிய வெள்ளைத் துணி. அதில் சிவப்புக் கறை. மாப்பிள்ளை தனக்குச் செய்வினை வைத்துவிட்டார் என்று பூசாரி லயத்தையே கூட்டி, அவரை அடிக்கவும் பாய்ந்திருக்கிறார். இவருடைய கிழங்கு அழிந்து, அவருடைய கிழங்கு அழியாமல் இருந்தது வேறு அந்தக் கதைக்கு வசதியாகப் போய்விட்டது.

மறுநாள் போயா, பௌர்ணமி விடுமுறை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கல்லுக்கு முன்னால் ஒரு தட்டில் அந்தப் பொட்டலம் இருந்தது. மேலே எலுமிச்சம்பழம். யாரும் கிட்டே போகவில்லை.

"இந்தா, ரத்தம். கண்ணால பாத்துக்கங்க" என்றார் பூசாரி.

பங்கசு மிஸ் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வந்து, பழத்தை எடுத்துப் பூசாரி கையில் கொடுத்தார். முடிச்சை அவிழ்த்தார். "இது நான் கட்டுனதுங்க. பச்ச நூலு, என் முடிச்சு. ரத்தம்னா காஞ்சு கறுத்திருக்கும். இது ரோசாவா இருக்கு, பாருங்க. பூசணம்."

"துணிய ஏம்மா பொதைக்கிற?"

"மண்ணுகிட்ட ஒரு கேள்வி கேட்டேன்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவர் பாத்தியில் இருந்த மற்ற இரண்டையும் எல்லோர் முன்னாலும் தோண்டினார். வெள்ளைத் துணி வெள்ளைத் துணியாகவே வந்தது. விளிம்பில் அதே ரோசாக் கறை, அவ்வளவுதான். பிறகு வாகை மரத்து மூலைக்குப் போனார். முதல் குச்சியின் அடியில் பச்சை நூல் மட்டும் வந்தது. இரண்டாவதில் நூலும், தொட்டால் உதிர்கிற ஏதோ கொஞ்சமும். மூன்றாவதிலும் நூல்தான்.

பூசாரி குனிந்து பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "சாமி தின்னுருச்சு."

"தின்னது யாருன்னு நான் சொல்லலங்க. ஆனா இங்க திங்கிற ஆளு நெறய இருக்காங்க. அங்க ஒருத்தன்தான் இருக்கான். நீங்க சாமி எடத்த யாரும் கொத்தாமப் பாத்துக்கிட்டீங்கல்ல, அதனாலதான் இவங்க எல்லாம் இங்க தங்கியிருக்காங்க."

பூசாரிக்கு அது மரியாதையாகப் பட்டிருக்க வேண்டும். எலுமிச்சம்பழத்தை மடியில் வைத்துக்கொண்டார். செய்வினைப் பேச்சு அத்துடன் நின்றது.

மாப்பிள்ளையின் பிரச்சினை நிற்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தே பங்கசு மிஸ் சொன்னார். முதல் நாள் எடுத்துப் போன மண்ணையும் நுணுக்குக்காட்டியில் பார்த்துவிட்டாராம். அதுவும் இதையேதான் சொல்கிறது. கிழங்கு கூடாது. இரண்டு வருடம் புல் போட்டு, அறுத்துப் பாதியை மாட்டுக்கும் பாதியை மண்ணுக்கும் கொடுக்க வேண்டும். மண்ணைவிட்டுப் போன பூசணங்கள் திரும்பி வர அவ்வளவு காலம் பிடிக்கும்.

"ரெண்டு வருசமா?" என்றார் மாப்பிள்ளை.

"சீக்கிரமாக்க ஒரு வழி இருக்கலாம். இந்த மூலை மண்ணுல நாலஞ்சு வாளி எடுத்து, சாணியோட கலந்து அங்க போட்டா, இங்க இருக்கவங்க அங்க குடி போவாங்க. உறுதியாச் சொல்ல முடியாது. செஞ்சு பாக்கலாம்."

மாப்பிள்ளை உடனே வாளியை எடுத்துவிட்டார். பூசாரி கையை நீட்டி மறித்தார். "சாமி மண்ணு. கேக்காம எடுக்கக் கூடாது."

"கேளுங்க" என்றார் பங்கசு மிஸ். "எப்படிக் கேப்பீங்க?"

பூக்கட்டிப் பார்ப்பதைப் பூசாரி அவருக்கு விளக்கினார். அவருக்குத் தெரியாததில்லை, அவரும் தோட்டத்தில் பிறந்தவர்தான். ஆனாலும் முழுவதையும் கேட்டுக்கொண்டார். ஓர் இலையில் வெள்ளைப் பூ, ஓர் இலையில் சிவப்புப் பூ. இரண்டையும் ஒரே மாதிரி மடித்துக் கட்டிக் கல்லின் முன் போட வேண்டும். குழந்தை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் மண் எடுக்கலாம், சிவப்பு வந்தால் கூடாது.

"நீயும் பொட்டலம் கட்டித்தான் கேக்குற, நானும் பொட்டலம் கட்டித்தான் கேக்குறேன்" என்றார் பூசாரி.

"ஆமாங்க. நீங்களும் மொதல்லயே பேசி வச்சுக்கிறீங்க, எது வந்தா என்னன்னு. அது நல்லது."

தங்கையின் மகள் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். பூசாரி பிரித்தார். சிவப்பு.

மாப்பிள்ளை வாளியைப் பிடித்தபடியே நின்றார். நேற்று அவரை அடிக்கப் பாய்ந்த பூசாரியே இப்போது அவருக்காகப் பேசினார். "புள்ள பயந்து போய் எடுத்திருக்கு. இன்னொரு தரம் போடுவோம்."

எல்லோரும் பங்கசு மிஸ்ஸைப் பார்த்தோம். அந்த மண் அவருக்கும் வேண்டும். அவர் சொன்ன வழி பலிக்குமா என்று பார்க்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது. அவர் ஒரு தலையசைப்புச் செய்திருந்தால் போதும்.

"வேணாங்க" என்றார். "கேட்டீங்க, சொல்லிட்டாரு. நமக்குப் புடிச்ச பதில் வர்ற வரைக்கும் கேட்டா அதுக்குப் பேரு கேக்குறது இல்ல, கெஞ்சுறது."

மாப்பிள்ளையின் கையிலிருந்து வாளியை அவரே வாங்கிக் கவிழ்த்து வைத்தார். அவர் நுணுக்குக்காட்டி வைத்துப் பிழைக்கிறவர். அந்தக் கல்லை அவர் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. ஆனாலும் முடிவு வந்த பிறகு அதை ஒரு துளியும் வளைக்கவில்லை. நான் அவரை மதிப்பதற்கு ஒரு காரணம்தான் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்.

பிறகு தங்கை குடியிருந்த லயத்துக் காம்பராவுக்குள் போனோம். தங்கை பின்னால் அடுப்படியில் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தாள். முன்னால் நாங்கள் ஆண்கள் மூன்று பேரும் பேசினோம். இரண்டு வருடம் புல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது, போவதுதான் சரி என்றேன் நான். போனால் பிள்ளைக்கு அப்பன் முகம் மறந்துவிடும் என்றார் பூசாரி. மாப்பிள்ளை இரண்டுக்கும் தலையாட்டினார். கடைசியில் சுவரில் சாய்ந்திருந்த பங்கசு மிஸ்ஸிடம் திரும்பி, "நீங்க சொல்லுங்க மிஸ். போகவா, இருக்கவா?" என்றார்.

"கேட்டுச் சொல்றேங்க" என்று எழுந்தார்.

வாசல் பக்கம் போவார் என்று நினைத்தோம். அவர் அடுப்படிக்குள் போனார். தங்கையின் குரல் தாழ்வாகக் கேட்டது, பிறகு நின்றது, பிறகு கேட்டது. தேத்தண்ணியை அவரே கொண்டுவந்து எங்கள் முன் வைத்தார்.

"இருக்கச் சொல்றாங்க. புல்லு முடியிற வரைக்கும் அவங்க கொழுந்துல பாத்துக்குவாங்களாம். உங்களையும் திரும்பத் தோட்டத்துல பேர் பதியச் சொல்றாங்க. ஒரு மாடும் வாங்கணுமாம்."

மாப்பிள்ளை கோப்பையைத் தொடவில்லை. "எங்கிட்ட அவ இதச் சொல்லவே இல்லையே."

"நீ கேட்டியாப்பா?" என்றார் பூசாரி.

அதற்கு அடுத்த வருடம் பங்கசு மிஸ்ஸுக்குத் தெற்கே, மழை அதிகமுள்ள தாழ்நிலத் தேயிலைப் பகுதிக்கு மாற்றம் வந்தது. போகும்போது நானா கொடுத்த பருத்தித் துண்டுகளில் மீதியைத் தங்கையிடம் கொடுக்கச் சொல்லி என்னிடம் தந்தார். கூடவே பச்சை நூல் கண்டும். என் மனைவி அன்று வைத்த குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, கேட்காமலே, "நல்லாருக்குங்க" என்றார். அந்த அறைக்கு அதற்குப் பிறகு இரண்டு பேர் வந்து போய்விட்டார்கள். கட்டில் இன்னும் அவர் போட்ட பக்கத்தில்தான் கிடக்கிறது.

மாப்பிள்ளை போகவில்லை. புல் ஆளுயரம் வளர்ந்தது. லயத்தில் அவருக்குப் புல்லுத்துரை என்று பெயர் வைத்தார்கள். மாடு வந்தது. இரண்டு வருடம் முடிந்து, தங்கை அவளாகவே மூன்று இடத்தில் துணி புதைத்திருக்கிறாள், எங்களிடம் சொல்லவில்லை. போன மாதம் நான் அலுவலகத்தில் இருந்தபோது கூப்பிட்டாள்.

"அண்ணே, துணியக் காணோம்."

"மூணு எடத்துலயுமா?"

"மூணுலயும். நூலுதான் இருக்கு."

பக்கத்து மேசைக்காரர், "என்ன, வீட்ல களவா?" என்று எழுந்தே விட்டார். ஒன்றுமில்லை என்று கைகாட்டிவிட்டு வெளியே வந்து, பங்கசு மிஸ்ஸின் பழைய எண்ணுக்கு எடுத்தேன். அவர்தான் பேசினார். பின்னால் பெருமழைச் சத்தம். விஷயத்தைச் சொன்னேன். பாராட்டுவார் என்று நான் எதிர்பார்த்திருக்கக் கூடாது.

"பன்றி கிண்டலயே?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. "கேட்டுச் சொல்றேன்" என்றேன். மழைக்கு நடுவே அவர் சிரிப்பது கேட்டது.

உடனே தங்கைக்கு எடுத்துக் கேட்டேன்.

"வேலிக்குள்ள எதுவும் வரலண்ணே. குச்சி நட்ட எடத்துலயே நிக்குது. முடிச்சும் போட்டது போட்ட மாதிரியே இருக்கு. உள்ளதான் ஒண்ணும் இல்ல."